கிராம சபையில் மைக்கைப் பிடித்துவிட்டுப் பேச்சே வராமல் உட்கார்ந்தேன். அக்டோபர் 2 அன்று மறுபடி பேசச் சொல்கிறார்கள்

கணக்குநோட்டு (செப்டம்பர் 4)

எனக்கு ஊர் சாத்தூர் பக்கம். வயது 34. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்கும் நான்தான் ஊக்குநர். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் நோட்டைப் பார்க்காமலே ஒப்பிப்பேன். தவணை கட்டாதவர்களிடம் சண்டையே போடுவேன். வாயில்லாப் பூச்சி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. வாய்க்காலில் கடைமடை இருக்கிற மாதிரி, டேங்க் குழாயில் நாங்கள்தான் கடைமடை. மற்ற தெருவெல்லாம் பிடித்து முடித்து, மாட்டையும் குளிப்பாட்டி முடித்த பிறகு எங்களுக்கு நூல் மாதிரி ஒழுகும். சில நாள் அதுவும் இல்லை. இதைக் கிராம சபையில் சொல்ல வேண்டும் என்று குழுவில் முடிவெடுத்து, மனுவை நான் எழுதினேன். எழுதியவளே வாசிக்கட்டும் என்றார்கள்.

ஆகஸ்ட் 15. பள்ளிக்கூட வளாகம், வேப்பமரத்தடி. மைக்கை வாங்கி "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அந்த வணக்கம் மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. யாரோ ஒருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. அத்தோடு சரி. கையில் தாள் இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது, ஆனால் எழுத்துகள் சொல்லாகச் சேரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "சரி, உக்காரும்மா. அடுத்த ஆள் வாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பின்னால் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே குழாயடியில் என் பையனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" வருகிறான் பார் என்று. ஆறாம் வகுப்புப் பையன். இரண்டு நாள் விளையாடவே போகவில்லை.

இப்போது அக்டோபர் 2 கிராம சபைக்கும் நானே போக வேண்டும் என்று குழுவில் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் பி.காம். படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் தாளை வாங்கிக் கணீரென்று வாசித்துவிடுவாள். அவளிடமே கொடுத்துவிடலாமா? இல்லை, நானே போய் நிற்பதா? இந்த மாதிரி ஒரு பெரிய இடத்தில் போய் நின்றுதான் பயத்தை உடைத்தேன் என்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தைரியமாக இரு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார்.

சும்மாஇருசொல்லற (செப்டம்பர் 4)

கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை பேசிப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரையும் முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயம் போயே போச்சு.

கணக்குநோட்டு

நன்றி. ஆனால் அந்த முட்டைக்கோஸ்களிடம்தானே நான் தண்ணீர் கேட்கப் போகிறேன்!

விடியவிடிய (செப்டம்பர் 5)

தங்கச்சி, நீங்கள் கேட்ட ஆள் நான்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் செய்யாறு பக்கம் ஊர். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் போனஸ் விஷயமாக எங்கள் கம்பெனி வாசலில் வாயிற்கூட்டம் நடந்தது. எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். "தோழர்களே" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. இன்னொரு தடவை "தோழர்களே" என்றேன். மூன்றாவது தடவை கூட்டமே எனக்காகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில் அப்பா பெயரைச் சொல்வதற்குக்கூட எனக்குத் தொண்டை அடைக்கும். மச்சானை அனுப்பி எழுதச் சொல்வேன்.

எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதைத் தொழில்முறை ஜமா வந்து ஆடுவார்கள். அது போக, ஊர்ப் பையன்களே ஒரு வாத்தியாரை வைத்து மாதக்கணக்கில் கற்றுக்கொண்டு ஒரு ராத்திரி அரங்கேற்றம் செய்வதும் உண்டு. ஒரு வருடம் கர்ணன் கதை. எனக்கு அதில் வேஷம் எதுவும் இல்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். கட்டியங்காரன் வேஷம் கட்டவிருந்த பையனுக்குத் திடீரென்று துபாய் விசா வந்து கிளம்பிவிட்டான். வாத்தியார் என்னைப் பார்த்து, "நோட்டு உன் கையிலதானடா இருக்கு, நீ கட்டு" என்றார்.

கூத்து பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கர்ணனுக்காவது எழுதி வைத்த பாட்டு இருக்கிறது. கட்டியங்காரனுக்கு அதுவும் பாதிதான். முதலில் ஆடுகளத்துக்கு வருகிறவன் அவன். சனம் பாயை விரித்துக்கொண்டு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, கடலை தின்றுகொண்டு இருக்கும்போதே அவர்களிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்க வேண்டும். அப்புறம் திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை யார், எவர் என்று விசாரிக்க வேண்டும். விடிகிற வரைக்கும் அவன் பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த மொய் மேசை அவமானம்தானோ என்னவோ.

நாலு மாதம், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். வாத்தியார் என்னை ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்: உள்ளே நுழைவது. நுழைந்து, சலாம் வைத்து, முதல் நாலு வரி. நாற்பது தடவைக்குக் குறையாமல் செய்திருப்பேன். மிச்சத்தைக் கேட்டால், "அது தானா வரும், வரலேன்னா பின்பாட்டு பார்த்துக்கும்" என்பார்.

அரங்கேற்ற ராத்திரி. முகத்தில் அரிதாரம், தலையில் கோமாளிக் குல்லா, காலில் சலங்கை. மிருதங்கமும் முகவீணையும் ஆரம்பித்துவிட்டன. களத்துக்குள் வந்து நின்றேன். கால் நடுங்க ஆரம்பித்தது. வெறும் கால் என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. சலங்கை கட்டிய கால்! நின்ற இடத்திலேயே சலசலசல என்று ஒரே சத்தம். மறைக்கவே முடியாது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, அந்த நடுக்கத்துக்கே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுதான் வேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நாலு வரியும் வந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒரு இடத்தில் சுத்தமாக மறந்துபோனேன். பின்பாட்டுக்காரர் பாட்டை எடுத்துவிட்டார், யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் சனத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. இப்போதும் சங்கக் கூட்டத்தில் எழுந்தால் முதல் மூன்று நிமிடம் காலில் சலங்கை கட்டின மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நிற்கும் என்று இப்போது தெரியும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு சொல்வேன். ஒன்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பிக்காதீர்கள். வண்டி அங்கேதான் ஒரு தடவை கவிழ்ந்திருக்கிறது. நேரே விஷயத்தில் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்குச் சொல்லிப் பழகுங்கள். இரண்டாவது, உங்களைத் தூக்கிப்போட்டது ஸ்பீக்கரில் வந்த உங்கள் குரல்தான். கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், மைக் செட் போடுகிற தம்பியிடம் கேட்டு, அதே மைக்கில் நாலு வார்த்தை பேசிவிடுங்கள். அந்தக் குரலோடு ஒரு தடவை பழகிவிட்டால் அப்புறம் அது உங்களைப் பயமுறுத்தாது.

பச்சைஅட்டை (செப்டம்பர் 6)

விடியவிடிய அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், சலங்கை இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய சவாலில் குதித்தால் பயம் உடையும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. எனக்கு நேர்மாறாக நடந்தது.

பெங்களூரில் மென்பொருள் வேலை. ஆறு வருடத்துக்கு முன் முந்நூறு பேர் முன்னால் பேசுகிறாயா என்று மேலாளர் கேட்டார். ரோஷத்தில் ஒத்துக்கொண்டேன். அன்று காலையில் இரண்டு தடவை வாந்தி. கூட வேலை பார்த்த ஒருவர் ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுத்தார், போட்டுக்கொண்டேன். (யாரும் இப்படிச் செய்யாதீர்கள். அது இதயத்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.) தலையைத் தூக்காமல் திரையில் இருந்ததை வரிவரியாகப் படித்துவிட்டு இறங்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் என் உடம்பு கற்றுக்கொண்டது வேறு பாடம்: மாத்திரை இருந்தால்தான், தலையைத் தூக்காமல் இருந்தால்தான் பிழைப்பாய் என்று. அடுத்த ஒன்றரை வருடம் ஒரு கூட்டத்தில்கூட நான் வாய் திறக்கவில்லை.

அண்ணாவுக்கு ஏன் பலித்தது? அவர் ஒரே ராத்திரியில் குதிக்கவில்லை. நாலு மாதம், அதே ஆட்கள், அதே நுழைவு, நாற்பது தடவை. அந்த நாலு மாதத்தை விட்டுவிட்டு அந்த ராத்திரியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ். மேடையில் பேசிப் பழகுவதற்காக 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, தமிழில் நடத்துகிறவர்கள் சொல்வேந்தர் மன்றம் என்கிறார்கள். முதல் பேச்சு உங்களைப் பற்றியேதான், நாலிலிருந்து ஆறு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு காட்டுவார்கள். அ, ம், வந்து என்று இழுப்பதை எண்ணுவதற்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். என் முதல் பேச்சில் 23 "வந்து". அவமானமாக இல்லை, எண்ணிவிட்டால் அது வெறும் கணக்குதான். உங்களுக்கு அது நன்றாகப் புரியும்.

இன்னொன்று. 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேசுகிறவர் தன் பதற்றம் எல்லாருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார், கேட்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இதை யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்களோ, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. (சலங்கை கட்டியிருந்தால் கணக்கு வேறு, ஒப்புக்கொள்கிறேன்.)

அக்டோபர் 2க்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதே கணக்கைச் சொல்லுங்கள். அப்புறம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் இருக்குமே, அங்கே மற்றக் குழுப் பெண்கள் முன்னால் இதே தண்ணீர் விஷயத்தை ஒரு தடவை பேசுங்கள். அதற்குப் பிறகு வேப்பமரத்தடிக்குப் போகலாம்.

கணக்குநோட்டு (செப்டம்பர் 6)

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. குழுவில் நான் ஒரு நாளும் நின்று பேசியதில்லை. பாயில் உட்கார்ந்து, மடியில் நோட்டு. அண்ணா, அரிதாரம் பூசிக்கொண்டு கிராம சபைக்குப் போக முடியாதே, அதற்கு என்ன செய்வது?

விடியவிடிய

நோட்டுதான் உங்களுக்கு அரிதாரம்.

ஓய்வூதியம் (செப்டம்பர் 9)

நான் 31 வருடம் சரித்திரம் நடத்திய வாத்தியார். கிராம சபை காந்தி பிறந்த நாளில் நடக்கிறது என்பதால் அவர் கதையையே சொல்கிறேன். தாளைப் பார்த்தும் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது அப்படியே அவருக்கு நடந்தது. லண்டனில் படித்த காலத்தில் வென்ட்னர் என்ற ஊரில் சைவ உணவுக்காரர்கள் கூட்டம். ஒரு தாளுக்குள் அடங்குகிற பேச்சு, எழுதியே கொண்டுபோனார். எழுந்தார், கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. கூட வந்த நண்பர்தான் வாங்கிப் படித்தார். அப்புறம் பம்பாயில் முதல் வழக்கு, 30 ரூபாய் கூலி. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்சிக்காரரின் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். எல்லாம் அவரே சுயசரிதையில் எழுதியிருப்பதுதான். 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன்னால் தொழிலில் நேர்மை பற்றிப் பேசினாரே, அதைத்தான் தன் முதல் பொதுப்பேச்சு என்கிறார்.

ஆகவே பி.காம். பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை. தாளின் ஒரு பிரதி அவள் கையிலும் இருக்கட்டும்.

அப்புறம் பேச்சில் "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்று சொல்லாதீர்கள், அந்த வாக்கியத்தை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன். எத்தனை குடம் என்று சொல்லுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 15 குடம். உங்களுக்கு எத்தனை வருகிறது என்று இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

கணக்குநோட்டு (அக்டோபர் 3)

நேற்று முடிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, இதிலேயே எழுதிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா சொன்ன மறுநாளிலிருந்து எழுதினேன். எங்கள் தெருவில் 19 வீடு, 21 நாள். அதில் ஒன்பது நாள் தண்ணீரே இல்லை. வந்த நாளில் வீட்டுக்கு நாலு குடம். குழுவில் நின்றுகொண்டு ஒப்பித்தேன், முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். கூட்டமைப்பில் பேசும்போது தொண்டை அடைத்தது, ஆனால் பேசி முடித்தேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கே போய்விட்டேன். மைக் செட் தம்பி, "என்னக்கா, இந்தத் தடவை பாட்டா?" என்று கேட்டான். எங்கள் குழுவில் இருக்கிற பன்னிரண்டு பேர் பெயரையும் மைக்கில் வரிசையாகச் சொன்னேன். வேப்பமரத்தில் இருந்த காக்கா பறந்தது. என் குரல் எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அது என் குரல் என்று தெரிந்தது.

கூட்டம் பதினொரு மணிக்கு. வரவு செலவு வாசித்து, திட்டப் பயனாளிகள் பட்டியல் வாசித்து, எங்கள் முறை வருவதற்குப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லையே! நாக்கு ஒட்டிக்கொண்டது. கை வேர்வையில் தாளில் மை கரைந்தது. வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று மூன்று தடவை யோசித்தேன்.

எழுந்தேன். "21 நாளில் ஒன்பது நாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. வந்த நாளில் வீட்டுக்கு நாலு குடம். வர வேண்டியது 15." குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. அக்கா, எனக்குக் கட்டாயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது, அந்த ஆய்வுக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்கட்டும். நாலாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தாளில் விரலை வைத்துக் காட்டினாள், ஆனால் அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "எங்க தெருவுக்குந்தான் வரல, அதுக்கென்ன இப்போ" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கை மேசையில் வைத்துவிட்டேன். "உங்க தெருவுக்கு எத்தனை குடம்? எழுதி வச்சிருக்கீங்களா? நான் எழுதி வச்சிருக்கேன்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன். தவணை கேட்கிற அதே குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டதாம்.

இதைப் பயத்தைத் தாண்டினேன் என்று சொல்வதா, கோபத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்வதா, தெரியவில்லை.

இரண்டாம் தெரு முக்கில் வால்வு போடுவது, போடுகிற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் கடைசித் தெருவுக்கு முதலில் திறப்பது என்று தீர்மானம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். பேசியதைவிட அதற்குத்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் அதை யாரும் அங்கே கேட்பதில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். அப்புறம் வாசித்தார்கள். "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்பது விட்டுப்போயிருந்தது, சேர்த்து எழுதினார்கள்.

பையனுக்குப் பட்டப்பெயர் மாறிவிட்டது. இப்போது "நாலு குடம்". இதற்கு அவன் கோபப்படவில்லை.

இன்று காலை தண்ணீர் வரவில்லை. நாளைக்குத்தான் எங்கள் முறையாம். நோட்டில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன்.

விடியவிடிய (அக்டோபர் 3)

நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினக் கிராம சபை இருக்கிறது தங்கச்சி. தீர்மானம் என்ன ஆனது என்று கேட்கப் போவது யார்?

கணக்குநோட்டு

பி.காம். பெண்ணைப் பேசச் சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்று அழுகிறாள். தாளை இருட்டிலும் கணீரென்று படிப்பாள், ஆனால் தாள் இல்லாமல் கேள்வி கேட்கப் பயமாம். அண்ணா, அந்த முதல் நாலு வரிப் பயிற்சியை இன்னொரு தடவை விவரமாக எழுதுங்கள், அவளிடம் காட்ட வேண்டும்.